சட்டமன்ற உறுப்பினரின் அறிவிப்பு யாரைச் சென்று சேர்கிறது?

கடந்த தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது பாட்டி தம்முடைய கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "என்னமோ அனுப்பியிருக்காங்கம்மா. மஞ்சளும் சிவப்புமா இருக்கு. கோயில் நோட்டீஸா பாரு."

அது கோயில் நோட்டீஸ் அல்ல. சிலாங்கூர் கொடியின் நிறத்தில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் வெளியிட்ட அறிவிப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநில அரசு பெருநாள் காலத்தில் வழங்கும் 200 வெள்ளி பற்றுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. முழுவதும் மலாய் மொழியில். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் பாட்டியின் புலனத்தில் வந்து விழுந்திருந்தது. விண்ணப்பம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பாட்டி கோபப்படவில்லை. "சரி விடு, நமக்குக் கொடுப்பினை இல்ல" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டார்.

எனக்கு அந்த ஒரு சொல்தான் உறுத்தியது. அரசாங்க உதவி ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் கொடுப்பினையா? பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எனக்கு இதற்குச் சரியான பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் நெடுவிடுமுறையில் ஒரு சேவை மையத்தில் (எங்கள் தொகுதி அல்ல, வேறொன்று) சில வாரங்கள் தன்னார்வலராக இருந்தேன். அங்கே பார்த்ததையும், பாடப் புத்தகத்தில் படித்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது புரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் இயற்றுபவர் சாக்கடைக்கு ஏன் வருகிறார்?

சேவை மையத்தில் முதல் நாள் காலை வந்த முதல் புகார், வீட்டின் பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடுத்தது, அடுக்குமாடியில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்றாவது, மகனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. சட்டம் இயற்றுவதைப் பற்றி அன்று மட்டுமல்ல, நான் இருந்த எந்த நாளிலும் யாரும் கேட்டு வரவில்லை.

சிலாங்கூர் சட்டமன்றத்தில் 56 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்து அங்கீகரிப்பது, மாநிலச் சட்டங்களை நிறைவேற்றுவது, ஆட்சிக்குழுவைக் கேள்வி கேட்பது ஆகியவைதான் அவர்களின் சட்டபூர்வமான வேலை. ஆனால் சட்டமன்றம் ஆண்டில் சில வாரங்களே கூடுகிறது. மற்ற நாள்களில் மக்கள் கண்ணில் படும் சட்டமன்ற உறுப்பினர், சாக்கடை ஓரத்தில் நிற்பவர், உணவுக்கூடை கொடுப்பவர், டிங்கிப் புகை அடிக்கும் நாளை அறிவிப்பவர்.

இது ஏன் இப்படி ஆயிற்று? இதற்குப் பதில் 1965ஆம் ஆண்டில் இருக்கிறது. அதுவரை இந்நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. நகராட்சி உறுப்பினரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதல் காலத்தில், 1965 மார்ச்சில் அந்தத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கிவிட்டது.

இடையில் நடந்த ஒன்றை நம் சமூகம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். அவருடைய ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. இன்று ஒவ்வோர் ஊராட்சி மன்றத்திலும் தலைவர் தவிர 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களை நியமிப்பது மாநில அரசு.

நியமிக்கப்பட்ட உறுப்பினரின் பெயர் நம் தாமானில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சாக்கடையைப் பொறுத்தவரை நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருபவர்களில் மிக அருகில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர்தான். ஆகவே புகார் அவரிடம் போகிறது. அவரும் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். தம் கையில் இல்லாத அதிகாரத்துக்காக அவர் திட்டு வாங்குகிறார், தாம் செய்யாத வேலைக்குப் பாராட்டும் வாங்குகிறார்.

ஒரே வாசலில் மூன்று அரசாங்கம்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எந்த விவகாரம் மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்கு, எது இரண்டுக்கும் பொது என்று பட்டியலிடுகிறது. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பகுதி இது. சேவை மையத்தில் உட்கார்ந்தபோதுதான் அது காகித விஷயம் அல்ல என்று தெரிந்தது.

கல்வி, சுகாதாரம், குடியுரிமை ஆகியவை மத்திய அரசின் கையில். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். சமூக நலன் இரண்டுக்கும் பொது. ஒரு குடும்பத்தின் ஒரு வாரப் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டாலே இந்த மூன்றும் வந்துவிடும்.

வீட்டு முன்னால் சாலையில் குழி என்றால், அது தாமான் சாலையாக இருந்தால் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. பெருஞ்சாலையாக இருந்தால் பொதுப்பணித் துறை. கட்டண நெடுஞ்சாலை என்றால் அதை நடத்தும் நிறுவனம். சிலாங்கூரில் குப்பை அள்ளுவது ஊராட்சி மன்றங்களின்கீழ் கே.டி.இ.பி. நிறுவனத்தின் வேலை. அடுக்குமாடியின் மின்தூக்கி என்றால், அது கட்டடத்தின் கூட்டு நிர்வாக அமைப்பின் பொறுப்பு. அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் தேசியப் பதிவிலாகாவின் விஷயம். அதில் சட்டமன்ற உறுப்பினரால் ஓர் ஆதரவுக் கடிதம் மட்டுமே தர முடியும். முடிவெடுப்பது உள்துறை அமைச்சின் தரப்பு.

மகனின் பிறப்புப் பத்திரத்துக்காக வந்த அந்த அம்மா, அதற்கு முன் மூன்று அலுவலகங்களுக்கு நடந்திருக்கிறார். "எல்லாரும் அங்க போ, இங்க போன்னுதான் சொல்றாங்க. எதுக்குப் போகணும்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். அவருக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய உதவி பணம் அல்ல. எந்தெந்தப் பத்திரங்களோடு, எந்தப் பிரிவுக்கு, எதற்காகப் போக வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளை நான்காக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உதவி இருக்கிறது, பெயர்தான் நிலைக்கவில்லை

"அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை" என்று கோப்பிக் கடையில் பேசுவது எளிது. ஆனால் திட்டங்கள் இருக்கின்றன.

சிலாங்கூரில் மாதக் குடும்ப வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாத வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் தண்ணீர் இலவசம். 2008ஆம் ஆண்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது வருமானம் பார்க்கப்படவில்லை. 2020லிருந்து விண்ணப்பித்துத் தகுதி பெறுவோருக்கு மட்டும் என்று ஆனது. பிங்காஸ் என்னும் திட்டத்தில் 30,000 ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 300 வெள்ளி மின்பணப்பையில் சேர்க்கப்படுகிறது. அதைக் கொண்டு அத்தியாவசியப் பொருள் வாங்கலாம். இதற்கு முன்னர் இருந்த கிஸ் திட்டத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு மாதம் 200 வெள்ளி கிடைத்தது. பெருநாள் பற்றுச்சீட்டைப் பற்றி மேலே சொன்னேன்.

மத்திய அரசின் தரப்பில் எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி உண்டு. அடையாள அட்டையைக் கொண்டு கடையில் பொருள் வாங்கும் சாரா உதவி உண்டு. 2025 ஆகஸ்டு 31லிருந்து 18 வயதைத் தாண்டிய எல்லா மலேசியர்களுக்கும் ஒரு முறை 100 வெள்ளி இதே வழியில் கொடுக்கப்பட்டது. வறிய முதியவர்களுக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவி 2025ஆம் ஆண்டில் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் குழப்பம்? ஒரு காரணம் பெயர். 2012ஆம் ஆண்டில் பிரிம் என்று தொடங்கிய ரொக்க உதவி, ஆட்சி மாறியபோது பி.எஸ்.எச். ஆனது, பின்னர் பி.பி.ஆர்., அப்புறம் பி.கே.எம்., 2023லிருந்து எஸ்.டி.ஆர். பதினோர் ஆண்டில் ஐந்து பெயர்கள். என் பாட்டி இன்னமும் "பிரிம் காசு வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார். ஒவ்வோர் அரசாங்கமும் தன் பெயரில் உதவி போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறது. வாங்குபவருக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதுபோல் இருக்கிறது. பழைய பட்டியலில் இருந்தோமே, புதிதில் இருக்கிறோமா, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமா என்ற கேள்வி நான் இருந்த நாள்களில் திரும்பத் திரும்ப வந்தது.

இன்னொரு காரணம் பதிவு. வறியவர்களுக்கான இ-காசே பட்டியல் ஒன்று, ரொக்க உதவிக்கு உள்நாட்டு வருமான வாரியத்தின் பட்டியல் ஒன்று, மாநிலத் திட்டங்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றிணைக்க 2024 ஜனவரி 2ஆம் தேதி பாடு என்னும் முதன்மைத் தரவுத் தளம் தொடங்கப்பட்டு, மார்ச் இறுதிவரை மக்கள் தங்கள் விவரங்களைப் புதுப்பிக்க நேரம் கொடுக்கப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் கைப்பேசியில் அடையாள அட்டையையும் முகத்தையும் படம் பிடித்து அனுப்பத் தெரியாத எத்தனை தாத்தா பாட்டிகள் பேரன் பேத்திகளின் சனி ஞாயிறுக்காகக் காத்திருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

அறிவிப்பு எங்கே தடுக்கி விழுகிறது?

சேவை மையத்தில் என் வேலைகளில் ஒன்று, அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவது. முதல் வாரத்தில் பழைய அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் அவை தடுக்கி விழுகின்றன.

முதலாவது, மொழி. தேசிய மொழியில் அறிவிப்பு வருவது முறைதான். நம் தலைமுறைக்கு அது தடையே இல்லை. ஆனால் உதவி அதிகம் தேவைப்படும் வயதான தோட்டத் தொழிலாளர்களில் பலருக்கு மலாய் பேச வரும், அரசாங்க நடையில் எழுதியதைப் படிக்க வராது. பேச்சு மலாய் வேறு, படிவ மலாய் வேறு. தமிழ் மொழிபெயர்ப்பு வரும்போது சில சமயம் அது கணினி மொழிபெயர்த்த தமிழாக இருக்கிறது. ஓர் அறிவிப்பில் "விண்ணப்பதாரர்" என்று வர வேண்டிய இடத்தில் "கெஞ்சுபவர்" என்று இருந்தது. சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, காலம். விண்ணப்பம் திறந்திருக்கும் நாள்கள் குறைவு. அறிவிப்பு முதலில் முகநூலில் வருகிறது. அங்கிருந்து குடியிருப்பாளர் சங்கத்தின் புலனக் குழுவுக்கு வருகிறது. அந்தக் குழுவில் இல்லாதவருக்கு யாராவது அனுப்பினால் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குழுவில் இருப்பதில்லை. மிகவும் தேவைப்படுபவர்தான் கடைசியில் கேள்விப்படுகிறார்.

மூன்றாவது, இடம். பல சுவரொட்டிகளில் பாதிக்குத் தலைவர்களின் படம் இருக்கிறது. கால் பங்கில் கட்சிச் சின்னமும் துறைச் சின்னமும். மீதி இடத்தில்தான் தகுதி, தேதி, தேவையான பத்திரங்கள். எழுத்து அவ்வளவு சிறியது. கண்புரை உள்ள ஒருவர் படத்தைப் பார்த்து யார் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். எப்படி வாங்குவது என்று தெரிந்துகொள்ள முடியாது.

நான்காவது, பதில். "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று வரும். ஏன் என்று வராது. மேல்முறையீடு உண்டா, எந்தத் தேதிக்குள் என்று வராது. ஒரு மாமா மூன்று ஆண்டாக இப்படி நிராகரிக்கப்பட்டு வந்திருக்கிறார். பார்த்தால், அவர் மகள் திருமணமாகித் தனியே போய்விட்டாள், ஆனால் பதிவில் அவளுடைய சம்பளமும் அவர் வீட்டு வருமானமாகக் கிடக்கிறது. விவரத்தைத் திருத்தப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் மூன்று ஆண்டு காத்திருந்தார்.

சரியான தகவல் சரியான நேரத்தில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் வெள்ளம் நமக்குக் காட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் காத்திருந்தபோது, எங்கே படகு வருகிறது, எந்த மண்டபம் திறந்திருக்கிறது என்பதைச் சக குடிமக்கள்தாம் சமூக ஊடகங்களில் திரட்டிப் பரப்பினார்கள். வெள்ளம் வடிந்த பின்னர் மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே ஆயிரம் வெள்ளி உதவி அறிவித்தன. எந்தப் படிவம் எந்த ஆயிரத்துக்கு என்று புரியாமல் தடுமாறியவர்கள் உண்டு. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளன்று புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய் வெடித்து வீடுகள் எரிந்தபோதும் மக்கள் முதலில் கேட்டது, எங்கே போவது, யாரிடம் பதிவு செய்வது என்பதைத்தான். அத்தகைய வேளையில் உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினர் வெளியிடும் நான்கு வரிச் செய்திக்கு மதிப்பே வேறு.

உரிமையா, உபகாரமா?

இங்கேதான் கொஞ்சம் கசப்பான பகுதி வருகிறது. தொகுதிக்கு ஒதுக்கப்படும் பணத்தை யாருக்கு எப்படிச் செலவிடுவது என்பதில் மக்கள் பிரதிநிதிக்குப் பெரிய சுதந்திரம் இருக்கிறது. பற்றுச்சீட்டு போன்றவற்றில் ஒரு தொகுதிக்கு இத்தனை என்று அளவும் உண்டு. தகுதியுள்ளவர்கள் அதைவிட அதிகம் இருந்தால் யாரோ விடுபட்டே ஆக வேண்டும். அப்போது யார் முதலில் கேள்விப்பட்டார், யாருக்கு யாரைத் தெரியும் என்பவை முக்கியமாகிவிடுகின்றன. கொடுப்பினை என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

எதிர்க்கட்சித் தொகுதி என்றால் இன்னொரு சிக்கல். மக்களவையிலும் மாநிலங்களிலும் ஆளும் தரப்பு உறுப்பினருக்கும் எதிர்த்தரப்பு உறுப்பினருக்கும் ஒதுக்கீடு சமமாக இல்லை என்பது பல காலக் குறை. இரு தரப்பும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதைச் சாடியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் அப்போதைய மத்திய அரசும் பக்காத்தான் ஹராப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சம ஒதுக்கீடு இடம்பெற்றது. ஆனால் அது ஓர் அரசியல் ஒப்பந்தம், சட்டம் அல்ல. சட்டமாகவே இயற்றுங்கள் என்று பெர்சே அமைப்பு தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. 2023 ஆகஸ்டு 12ஆம் தேதி நடந்த தேர்தலில் சிலாங்கூரின் 56 தொகுதிகளில் 22 எதிர்க்கட்சிக்குப் போயின. அந்த 22 தொகுதிகளிலும் வெள்ளம் வருகிறது, மின்தூக்கி பழுதாகிறது, பாட்டிகள் இருக்கிறார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதற்கும் எவ்வளவு உதவி வரும் என்பதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேவை மையத்தில் பல ஆண்டாக வேலை செய்யும் ஓர் அக்காவிடம், எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். "கணினிக்கு ஐ.சி. இருக்கிறவங்களைத்தான் தெரியும். இந்த புளோக் கடைசி வீட்டுல சிவப்பு ஐ.சி.யோட ஒரு தாத்தா இருக்காரு. அவர் எந்த லிஸ்ட்லயும் வரமாட்டாரு. எனக்குத்தான் தெரியும்" என்றார். உண்மைதான். தரவுத் தளம் தவறவிடுகிறவர்களை மனிதர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மாநில அரசு நியமித்துள்ள இந்தியச் சமூகத் தலைவர்கள் சரியாகச் செயல்படும் இடங்களில் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது. ஆகவே என் வாதம், சேவை மையம் வேண்டாம் என்பதல்ல. விதிப்படி எல்லாருக்கும் உரியது விதிப்படி தானாகக் கிடைக்க வேண்டும். விதியில் சிக்காதவர்களுக்காகச் சேவை மையத்தின் நேரமும் பணமும் செலவாக வேண்டும். இப்போது இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பொதுவாக எல்லாருக்கும் வர வேண்டிய பற்றுச்சீட்டுக்கும், யாருமற்ற தாத்தாவின் மருந்துக்கும் அதே ஓர் அக்காதான்.

நல்ல அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்?

நான் விடைபெறும்முன் மையத்துக்கு ஒரு சிறிய பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். எந்த அறிவிப்பும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அது. யாருக்குத் தகுதி? என்றுவரை? என்ன பத்திரம் கொண்டுவர வேண்டும்? எங்கே, எந்த நேரத்தில்? நிராகரிக்கப்பட்டால் யாரிடம் கேட்பது? இந்த ஐந்தும் மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் வர வேண்டும். படம் சிறிதாகட்டும். படிக்க முடியாதவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். பாட்டிகள் குரல் பதிவை விரும்பிக் கேட்கிறார்கள். புலனம் இல்லாதவர்களுக்காக அடுக்குமாடியின் மின்தூக்கி அருகிலும், கோயில், பள்ளிவாசல், மளிகைக் கடை அறிவிப்புப் பலகைகளிலும் ஒரு தாள் ஒட்டலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

சட்டமன்ற உறுப்பினர்கள் இன்னொன்றும் செய்யலாம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மட்டும் அறிவிக்கிறார்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், ஏன் என்பதையும் வெளியிட்டால், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்ட விவாதத்தில் அந்த எண்ணிக்கையைக் காட்டி அதிகம் கேட்க முடியும். அதுதானே அவர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதன் நோக்கம்? சேவை மையத்துக்கு வரும் நூறு சாக்கடைப் புகார்கள் நூறு கடிதமாக முடிந்துவிடக் கூடாது. சட்டமன்றத்தில் ஒரு கேள்வியாகவும் எழ வேண்டும்.

நம் வயதினர் என்ன செய்யலாம்? 18 வயதில் வாக்களிக்கும் உரிமை 2021 டிசம்பர் 15லிருந்து நமக்கு வந்துவிட்டது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களிப்பேன். ஆனால் அதற்குமுன் செய்யக்கூடியவை இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இரு மொழியில் படித்து வந்த நாம், நம் வீட்டில் மட்டுமல்ல, நம் மாடியில் உள்ள பெரியவர்களுக்கும் அறிவிப்பைப் படித்துச் சொல்லலாம். உங்கள் தொகுதிச் சேவை மையத்தின் முகவரி, திறந்திருக்கும் நேரம், உங்கள் ஊராட்சி மன்ற உறுப்பினர் பெயர், இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகாரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுப் பெரியவர்களின் பதிவில் முகவரி, வங்கிக் கணக்கு, குடும்ப உறுப்பினர் விவரம் சரியா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. ரொக்க உதவி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதே பெயரில் போலி இணைப்புகள் புலனத்திலும் டெலிகிராமிலும் உலவுகின்றன. வங்கிக் கடவுச்சொல்லையோ ஒருமுறை எண்ணையோ எந்த அரசாங்கத் திட்டமும் கேட்காது. பெரியவர்களின் கைப்பேசியில் இதை முதலில் சொல்லி வையுங்கள்.

பற்றுச்சீட்டு போனது போனதுதான். ஆனால் பாட்டியின் தண்ணீர்க் கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தபோது, இலவசத் தண்ணீருக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்று தெரிந்தது. 2020க்கு முன்பு தானாக வந்ததால், இப்போதும் வந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருக்கிறார். கணக்கு இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற ஒரு நாள், விண்ணப்பிக்க அரை மணி நேரம். சிறிய தொகைதான். ஆனால் ஐந்து ஆண்டாக அவர் கட்டியிருக்க வேண்டியதே இல்லை.

விண்ணப்பம் போன அன்று மாலை பாட்டி கதவைத் திறந்து எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுத் தண்ணி பில் யாரு பேர்ல இருக்கு? எடுத்துக்கிட்டு வாங்க, புள்ள வீட்லதான் இருக்கா." அன்றிரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்கு வீட்டு ரசீதுகள் இருந்தன.